தனியாக ஸ்கூபா டைவ் செய்யச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

ஸ்கூபா வகுப்பில் முதல் நாளே சொல்லித்தரும் விதி, ஜோடி இல்லாமல் தண்ணீரில் இறங்காதே என்பது. அதைச் சொல்லித்தரும் அதே பயிற்சி நிறுவனங்களில் சில, தனியாக இறங்குவதற்கும் ஒரு சான்றிதழ் அட்டை கொடுக்கின்றன. இது முரணாகத் தோன்றும். ஆனால் கடலில் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். தனியாகப் பயணம் போகிறவரைப் படகில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். அவர் எத்தனை டைவ் செய்தவர், பதற்றப்படுகிறவரா, காற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறவரா, எதுவும் தெரியாது. கேமராவோடு இறங்குகிறவர் ஒரு பவளத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிடுவார், ஜோடி எங்கேயோ போயிருப்பார். முதல் முறை இறங்கும் நான்கு பேரை அழைத்துப் போகும் பயிற்சியாளருக்கு ஏதாவது ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவராலும் உதவ முடியாது. காகிதத்தில் இவர்கள் எல்லாரும் ஜோடியோடு இருக்கிறார்கள், உண்மையில் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் படிப்பு, தனியாகப் போக ஆசைப்படுகிறவர்களைவிடத் தனியாக இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தனியாக இறங்கப் போவதில்லை என்றாலும் இதைப் படிக்கலாம் என்பேன்.

அட்டை தருகிறவர்கள் யார்?

பெரிய நிறுவனங்களில் முதலில் இதைத் துணிந்து வெளிப்படையாக ஆரம்பித்தது எஸ்டிஐ. அவர்களுடைய படிப்பின் பெயர் சோலோ டைவர். எஸ்டிஐயின் சகோதர நிறுவனமான டிடிஐ ஆழமான, டெக்னிகல் டைவிங் சொல்லித்தரும் அமைப்பு. அங்கே ஒவ்வொருவரும் தன் பிரச்சினையைத் தானே தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம், அது இங்கேயும் வந்து சேர்ந்தது. பேடி நெடுங்காலம் ஜோடி முறையைப் பிடிவாதமாகச் சொல்லிவந்த நிறுவனம். அதுவும் பிற்பாடு செல்ஃப் ரிலயன்ட் டைவர் என்று ஒரு படிப்பைக் கொண்டுவந்தது. எஸ்எஸ்ஐயிடமும் இண்டிபெண்டன்ட் டைவிங் என்று ஒன்று உண்டு.

எதை எடுப்பது? உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்டிஐயில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், பேடியில் 18 போதும். இரண்டிலும் அட்வான்ஸ்டு நிலைச் சான்றிதழும், லாக் புக்கில், அதாவது டைவ் குறிப்பேட்டில், குறைந்தது 100 டைவும் கேட்பார்கள். பயிற்சியில் எஸ்டிஐயில் குறைந்தது இரண்டு டைவ், பேடியில் மூன்று டைவ். வகுப்பையும் சேர்த்து இரண்டு நாளில் முடித்துவிடலாம். அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைவிட யார் சொல்லித்தருகிறார் என்பதுதான் பெரிய விஷயம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்த 100 டைவ்

இதுவரை தண்ணீரிலேயே இறங்காதவர் என்றால் பாதை இப்படி இருக்கும்: முதலில் ஓப்பன் வாட்டர், அதில் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்து அட்வான்ஸ்டு, 30 மீட்டர் வரை. பிறகு 100 வரும் வரை டைவ், டைவ், டைவ்.

எண்ணிக்கையை எட்டுவது பணமும் பொறுமையும் கேட்கும் வேலை. நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தமானிலும் கர்நாடகத்து நேத்ராணித் தீவிலும் சீசன் ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி மே வரை ஓடும். அது முடிகிற சமயத்தில் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை பக்கம் கடல் அமைதியாகும், செப்டம்பர் வரை இறங்கலாம். புதுச்சேரியும் இருக்கிறது. திட்டமிட்டால் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு கடல் கிடைக்கும்.

ஆனால் ஒரே இடத்தில், ஒரே வழிகாட்டியின் கால் துடுப்பைப் பார்த்துக்கொண்டே போய்வந்த 100 டைவ் இந்தப் படிப்புக்கு உதவாது. லாக் புக்கில் எண் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. 50 தாண்டியதும் ஒவ்வொரு டைவிலும் ஏதாவது ஒரு பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். 'இன்று நான் வழி நடத்துகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்' என்று வழிகாட்டியிடம் சொல்லலாம், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். காம்பஸில் 120 டிகிரி வைத்துப் போய், 300 டிகிரியில் திரும்பிப் படகின் நங்கூரக் கயிற்றுக்கே வந்து சேர முடிகிறதா என்று பாருங்கள். தெளிவான தண்ணீரில் மட்டும் போதாது. புதுச்சேரி போல் சில நாள் ஐந்து மீட்டர்கூடத் தெரியாத தண்ணீரிலும், கொஞ்சம் நீரோட்டம் உள்ள இடத்திலும், இரவிலும் இறங்கியிருக்க வேண்டும்.

ரெஸ்க்யூ டைவர் படிப்பைத் தகுதிப் பட்டியலில் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் எடுங்கள். மற்றவரைக் காப்பாற்றுவதற்கான படிப்பு அது என்றாலும், பதற்றம் எப்படித் தொடங்குகிறது என்பதை அதில்தான் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். மூச்சு வேகமாகும், கண் அகலும், கை மாஸ்க்கை நோக்கிப் போகும். இன்னொருவரிடம் அதை அடையாளம் கண்டவர், தன்னிடம் அது தொடங்கும்போதும் கண்டுகொள்வார்.

தனியாகத் தீர்க்க முடியாத ஒன்று

பயிற்சியாளர்கள் இதைச் சில சமயம் மெல்லமாகக் கடந்துபோவார்கள். காற்று தீர்ந்தால் இன்னொரு சிலிண்டர், மாஸ்க் உடைந்தால் இன்னொரு மாஸ்க், வலையில் சிக்கினால் கத்தரி என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று உண்டு. நினைவு தப்பினால் மாற்று கிடையாது. தண்ணீருக்குள் மயங்கியவரின் வாயிலிருந்து, மூச்சிழுக்கும் கருவியான ரெகுலேட்டர் நழுவிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் மேலே கொண்டுவர ஒரு வாய்ப்பாவது உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. டைவிங் மரணங்களுக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இதயக் கோளாறு. நாற்பதைத் தாண்டியவர், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், குடும்பத்தில் மாரடைப்பு வரலாறு உள்ளவர் எல்லாரும் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வரும் பழக்கம் நம்மிடம் நிறைய. டைவ் கடைக்காரரை ஏமாற்றலாம், அவ்வளவுதான். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களும், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்களும் தனி டைவ் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

நினைவு தப்புவதற்கு இன்னொரு வழி, சிலிண்டரில் உள்ள வாயு. ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸ் பயன்படுத்தினால், ஆக்சிஜன் அளவை நீங்களே அனலைசர் வைத்து அளக்க வேண்டும், சிலிண்டரில் எழுதி ஒட்ட வேண்டும். 32 சதவீத ஆக்சிஜன் என்றால் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு, அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். சாதாரணக் காற்றிலும், கம்ப்ரசரின் புகைக் குழாய்ப் பக்கத்திலேயே காற்று உறிஞ்சும் குழாயும் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்விடும். காற்று நிரப்பும் இடத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். எண்ணெய் வாசனை, புகை வாசனை வரும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

காற்றுக் கணக்கு

கோர்ஸின் உயிர்நாடி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், நீங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று இழுக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்குப் போங்கள். சிலிண்டரில் மிச்சமுள்ள அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆழத்தில் சாதாரண வேகத்தில் பத்து நிமிடம் நீந்திவிட்டு மறுபடி பாருங்கள். 180 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொடங்கி 150 பாரில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம், 30 பார் போயிருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். ஆக 30 பெருக்கல் 11, 330 லிட்டர். பத்து நிமிடத்துக்கு என்பதால் நிமிடத்துக்கு 33. பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு, எனவே இரண்டால் வகுத்தால் 16.5 லிட்டர். இதுதான் மேற்பரப்புக் கணக்கில் உங்கள் மூச்சு அளவு.

ஒரு நாள் அளந்தால் போதாது. நன்றாகத் தூங்கிய நாளில் ஒரு அளவு வரும், படகில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கிய நாளில் வேறு. குளிர்ந்த நீரில், எதிர் நீரோட்டத்தில், கேமரா தூக்கிக்கொண்டு என்று பல நாள் அளந்து, மிக மோசமான அளவைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை நம்பாதீர்கள்.

அடுத்து, 30 மீட்டரில் ரெகுலேட்டர் நின்றுவிட்டால் மேலே வர எவ்வளவு வேண்டும்? பதற்றத்தில் மூச்சு அளவு ஏறக்குறைய இரு மடங்காகும், 30 லிட்டர் என்று வைப்போம். நிலைமையைப் புரிந்துகொள்ள அங்கேயே ஒரு நிமிடம்: 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், ஆகவே 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற மூன்று நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார், சுமார் 250 லிட்டர். வெளியே வரும் முன் 5 மீட்டரில் நிற்கும் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்புக்கு 135. கடைசி ஐந்து மீட்டருக்கு ஒரு 40. கூட்டினால் 545 லிட்டர்.

200 பார் நிரப்பிய 3 லிட்டர் சிலிண்டரில் 600 லிட்டர் இருக்கும். சரி, போதும். 2 லிட்டர் சிலிண்டரில் 400தான். அதே கணக்கை 18 மீட்டருக்குப் போட்டால் 350 லிட்டரும் சொச்சமும் வரும், அங்கே 2 லிட்டர் போதும். இதனால்தான் 'நான் ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறேன்' என்பது பதிலே ஆகாது. எந்த ஆழத்துக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கையில் அடங்கும் அளவில் விற்கும் மிகச் சிறிய குப்பிகளில் 85 லிட்டர் அளவு காற்றுதான் இருக்கும். 30 மீட்டரில் அது ஒரு நிமிடத்துக்கும் காணாது.

இந்த இரண்டாவது சிலிண்டருக்குப் போனி சிலிண்டர் என்று பெயர். இதிலுள்ள காற்றை டைவ் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. ஸ்டெப்னியை நம்பித் தேய்ந்த டயரோடு யாரும் நெடுந்தூரம் கிளம்புவதில்லை அல்லவா? பிரதான சிலிண்டரை மூன்றாகப் பிரியுங்கள். 200 பாரில் 65 போக, 65 திரும்ப, மிச்சம் கையிருப்பு. 135 பாரில் எவ்வளவு அழகான மீன் எதிரில் நின்றாலும் திரும்ப வேண்டும்.

போனியை மாட்டுவதில் உள்ள சங்கதி

போனிக்குத் தனி ரெகுலேட்டர், தனி பிரஷர் கேஜ் வேண்டும். கேஜ் இல்லாத போனியில் காற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. கரையில் அதன் வழியாக மூன்று முறை நன்றாக இழுத்துப் பாருங்கள், கண் கேஜ் முள்ளின் மேல் இருக்கட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ரெகுலேட்டரிலிருந்து காற்றை வெளியே தள்ளும் பர்ஜ் பட்டனை மட்டும் அழுத்தி 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்ததும் திருப்திப்படுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள், குழாயில் தேங்கிய காற்றுக்கும் அதே சத்தம்தான்.

வால்வைத் திறந்து வைத்து இறங்குவதா, மூடி வைப்பதா என்று டைவர்களிடையே ஓயாத சண்டை. திறந்து வைத்தால் ரெகுலேட்டர் தானாகக் கசிந்து, தேவைப்படும்போது போனி காலியாக இருக்கலாம். மூடி வைத்தால் அவசரத்தில் ஒரே மூச்சுதான் கிடைக்கும், அடுத்த மூச்சுக்குள் வால்வைத் தேடித் திறக்க வேண்டும். முதுகில் மாட்டியவருக்கு அந்த வால்வு கைக்கு எட்டாது, ஆகவே திறந்துதான் வைக்க வேண்டும். என் கட்சி: போனியை முன்பக்கம், இடது விலாவை ஒட்டித் தொங்க விடுங்கள், வால்வும் கேஜும் கண் முன்னால் இருக்கும். திறந்து வையுங்கள், சில நிமிடங்களுக்கு ஒரு முறை பாருங்கள்.

இதைவிட மோசமான ஒரு குழப்பம் உண்டு. படகின் விளிம்பில் அவசரமாகத் தயாராகும்போது போனியின் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டே குதித்துவிடுவது. பிரதான கேஜ் அசையாமல் 200 காட்டிக்கொண்டிருக்கும், 'இன்று காற்று நன்றாகத் தாக்குப்பிடிக்கிறதே' என்று தோன்றும், திடீரென்று மூச்சு நின்றுவிடும். இப்படி உயிரிழப்பே நடந்திருக்கிறது. அதனால் போனியின் குழாய் வேறு நிறத்தில் இருக்கட்டும். ரெகுலேட்டரை ரப்பர் வளையத்தில் கழுத்துக்குக் கீழே தொங்க விடுங்கள். கடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்படி மவுத்பீஸையும் வேறு வகையாகப் போடலாம். குதிக்கும் முன் கேஜைப் பார்த்தபடி இரண்டு மூச்சு இழுப்பதை விடாதீர்கள்.

இரட்டை சிலிண்டரோ, பக்கவாட்டில் இரண்டு மாட்டும் சைடுமவுண்டோ தெரிந்தவர்களுக்குப் போனி தேவையில்லை. ஆனால் அவை தனியாகக் கற்க வேண்டிய வித்தைகள், இந்தக் கோர்ஸிலேயே முதல் முறையாக முயல வேண்டாம்.

மற்ற சாமான்கள்

ஆழமும் நேரமும் கணக்கிட்டுச் சொல்லும் டைவ் கம்ப்யூட்டர் இரண்டு, அல்லது ஒன்றுடன் ஆழமானியும் வாட்ச்சும். வெட்டும் கருவி இரண்டு, ஒன்று வலது கைக்கும் மற்றது இடது கைக்கும் எட்டும்படி. பெரிய கத்தியைக் காலில் கட்டிக்கொள்வது பார்ப்பதற்கு ஜோர், அவ்வளவுதான். நம் கடலில் சிக்குவது பெரும்பாலும் கைவிடப்பட்ட வலை, குறிப்பாக ஒற்றை நைலான் இழையாலான தங்கூசி வலை. தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது, கத்தியால் அறுத்தால் வழுக்கும். ஆம்புலன்ஸில் துணி வெட்டும் கத்தரி மாதிரி ஒன்று இருந்தால் நறுக்கென்று வெட்டிவிடும்.

பையில் ஒரு உபரி மாஸ்க். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதிலும் பவர் லென்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றிய பிறகு கேஜைப் படிக்க முடியாது. புது மாஸ்க் என்றால் உள்கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாவிட்டால் மாட்டிய உடனே பனி படியும்.

சிக்னல் மிதவை, அதற்கான ஸ்பூல் (கயிறு சுற்றிய உருளை), விசில், சிறு கண்ணாடி, டார்ச். மிதவை மட்டும் இரண்டு இருந்தால் நல்லது. மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையான பிசிடி கிழிந்தால் மேலே வரத் தாங்கிப் பிடிக்கவும் அது உதவும்.

இவை எல்லாவற்றையும் வாங்கிக் குவித்துவிட்டால் இன்னொரு பிரச்சினை தொடங்கும். உடம்பு முழுக்கத் தொங்கும் சாமான்களே வலையில் மாட்டும். எது எந்தப் பையில் என்று கண்ணை மூடித் தொட்டுச் சொல்ல முடியாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது

டெக்னிகல் டைவிங் சொல்லித்தரும் கடைகளில் விசாரியுங்கள். சும்மா அட்டை எழுதித் தருகிறவரையும் உண்மையாகச் சொல்லித்தருகிறவரையும் பிரிக்க சில கேள்விகள் போதும். நீங்கள் சொந்தமாகத் தனி டைவ் செய்வது உண்டா, எங்கே, என்ன சாமான்களோடு? கோர்ஸில் யாரையாவது தேர்ச்சி இல்லை என்று அனுப்பியிருக்கிறீர்களா? போனி நீங்கள் தருவீர்களா, நான் கொண்டுவர வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு 'அப்படி யாரும் வந்ததில்லை, எல்லாரும் பாஸ்' என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள். லாக் புக்கைத் திறந்தே பார்க்காமல் முன்பணம் கேட்கிறவரையும் விட்டுவிடுங்கள்.

கோர்ஸ் நாட்கள்

முதல் அரை நாள் வகுப்பறை. காற்றுக் கணக்கு, என்னென்ன தவறலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்று. உங்கள் மூச்சு அளவை முன்பே எடுத்துப் போனால் நேரம் மிச்சம். எஸ்டிஐயில் முழுச் சாமான்களோடு மேற்பரப்பில் 200 மீட்டர் அளவுக்கு நீந்தச் சொல்வார்கள். படகு தள்ளிப் போய்விட்டால் இழுக்க யாரும் இல்லை என்பதால் இந்தச் சோதனை.

தண்ணீருக்குள் கஷ்டம் தருவது இரண்டு. ஒன்று, மாஸ்க் இல்லாமல் நீந்துவது. மாஸ்க்கைக் கழற்றியதும் மூக்கில் தண்ணீர் ஏறும், மூச்சு ஒரு நொடி தானாக நிற்கும். வாயால் மெல்ல இழுத்து, மூக்கால் சிறிது வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், மங்கலாகவாவது நங்கூரக் கயிறு தெரியும். உப்பு எரிச்சல் அரை நிமிடத்தில் பழகிவிடும். போகும் முன் நீச்சல் குளத்தில் பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

மற்றது மிதவை விடுவது. 5 மீட்டரில் ஒரே இடத்தில் மிதந்தபடி, ஸ்பூலைப் பிடித்து, மிதவைக்குள் காற்று ஊதி மேலே அனுப்ப வேண்டும். கயிற்றை உடம்பில் எங்கும் மாட்டிக்கொண்டு செய்யக் கூடாது, ஸ்பூல் சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும். ஊதும் முன் கொஞ்சம் மூச்சை வெளியே விட்டு உடம்பைக் கனமாக்கிக்கொள்ளுங்கள். சிக்கினால் விட்டுவிடுங்கள், ஸ்பூல் போனால் போகட்டும்.

இடையிடையே பயிற்சியாளர் சத்தமில்லாமல் வந்து 'காற்று இல்லை' என்று சைகை காட்டுவார். கண்ணால் தேடாமல், கையால் போனி ரெகுலேட்டரைத் தொட்டு எடுத்து, வாயில் வைத்து, தண்ணீரை ஊதி வெளியேற்றி, மூச்சு இழுக்க வேண்டும். அதன்பின் ஆழம் பார்த்து, ஏற ஆரம்பிக்க வேண்டும். பயிற்சியில் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்வார்கள். ஆனால் செய்து முடித்ததும் ஒரே மூச்சில் மேலே ஓடப் பார்ப்பார்கள். அங்கேதான் பயிற்சியாளர் பிடித்து நிறுத்துவார். போனி இருப்பதே நிதானமாக ஏறுவதற்குத்தான்.

வலையில் சிக்கிய மாதிரி வைத்துப் பிசிடியைக் கழற்றி மாட்டவும் சொல்லலாம். சிக்கினால் முதலில் நிற்க வேண்டும், சுழலக் கூடாது, சுழன்றால் இன்னும் சுற்றிக்கொள்ளும். வந்த வழியே கொஞ்சம் பின்னால் நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் மாட்டியிருப்பது முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் வால்வில்தான் இருக்கும். எட்டாவிட்டால் ரெகுலேட்டரை வாயிலேயே வைத்துக்கொண்டு பிசிடியைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வெட்டி, மறுபடி மாட்ட வேண்டும். எடை பிசிடியிலேயே இருந்தால் பிடியை விடவே கூடாது, விட்டால் அது கீழே, நீங்கள் மேலே.

அட்டை கையில் வந்த பிறகு

முதல் தனி டைவ்களுக்கு, ஜோடியோடு பலமுறை இறங்கிப் பழகிய இடம் மட்டும். 10, 12 மீட்டர் ஆழம், மணல் தரை, பகல் நேரம், நீரோட்டம் இல்லாத வேளை. பழைய ஆட்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: மூச்சடக்கி எவ்வளவு ஆழம் போய் வருவீர்களோ, தனியாக அதில் இரு மடங்குக்கு மேல் போகாதே. கொஞ்சம் கறாரான கணக்குதான், ஆனால் தொடக்கத்தில் கறாராக இருப்பதில் நஷ்டமில்லை. கப்பல் சிதைவுக்குள் நுழைவது, ஏறும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வரும் டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படும் டைவ், வேகமான நீரோட்டம், புது இடத்தில் இரவு டைவ் ஆகியவற்றுக்கு இந்த அட்டை பொருந்தாது.

கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எங்கே இறங்குகிறேன், எந்தத் திசை, எத்தனை மணிக்கு வெளியே வருவேன், எத்தனை மணிக்கு மேல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலை அவரிடம் சொல்வது. டீ கடையில் உட்கார்ந்து மறந்துவிட்டால் கடலோரக் காவல் படை தேடிக்கொண்டிருக்கும்.

எங்கே அனுமதிப்பார்கள் என்பது தனிக் கதை. இந்தியாவில் பெரும்பாலான கடைகள் வழிகாட்டி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை, அட்டையைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டு வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். படகு டைவ்களில் உலகெங்கும் பல கடைகளின் நிலைமை இதுதான். கரையிலிருந்தே இறங்கும் இடங்களில்தான் தனி டைவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். கரீபியனில் டச்சுக்காரர்களுக்குரிய பொனேர் தீவு இதற்குப் பேர்போனது. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வொரு இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். சிலிண்டரை பிக்அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பிடித்த கல்லின் அருகே நிறுத்தி, நடந்தே கடலுக்குள் இறங்கலாம். அங்கேயும் சுற்றியுள்ள கடல் பூங்காவுக்குக் கட்டணம் கட்டி, விதிகளைக் கேட்டு, ஒரு அறிமுக டைவ் முடித்த பிறகுதான் மற்றவை. தீவின் கிழக்குப் பக்கம் காற்றும் அலையும் மோதும் இடம், அந்தப் பக்கம் தனியாக வேண்டாம்.

போகும் முன் கடைக்கு எழுதிக் கேளுங்கள்: தனி டைவுக்கு அனுமதி உண்டா, எந்த அட்டையை ஏற்பீர்கள், போனி வாடகைக்குக் கிடைக்குமா? போனியை விமானத்தில் கொண்டுபோவது தலைவலி. வால்வைக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் பார்க்கும்படி இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள், சில விமான நிறுவனங்கள் அப்போதும் மறுக்கும். ரெகுலேட்டரை மட்டும் எடுத்துப் போய் சிலிண்டரை அங்கே வாடகைக்கு எடுப்பது சுலபம்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங்கே விலக்காக இருக்கலாம், டைவிங் சேர்ந்திருந்தாலும் ஜோடியோடு இறங்கினால் மட்டும் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கலாம். டான் போன்ற டைவர்களுக்கான அமைப்புகளின் காப்பீட்டை எடுக்கும்போதும் தனி டைவ் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குக் காலாவதித் தேதி கிடையாது. கைப்பழக்கத்துக்கு உண்டு. ஆறு மாதம் தண்ணீர் பக்கமே போகாமல் இருந்துவிட்டால், முதல் இரண்டு டைவை ஜோடியோடு செய்யுங்கள், அதில் போனியை ஒரு முறையாவது மாற்றி எடுத்துப் பாருங்கள். ரெகுலேட்டர் சர்வீஸை வருடத்துக்கு ஒரு முறை, போனியுடையதையும் சேர்த்துச் செய்யுங்கள். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.